சனிக்கிழமைச் சம்பளம்

எங்கள் முதலாளி அவர்களுக்கு,

உங்கள் தொழிலாளிகள் இருவரும் நலம். அவர்களை மேய்க்க நீங்கள் விட்டுவிட்டுப் போன நான்தான் பாதி ஆளாகிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, போன மாதம் சொன்ன இருமல் விட்டதா, இதை முதலில் எழுதுங்கள். மற்றக் கதையெல்லாம் பிறகு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நாம் போனில் பேசுகிற அழகு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறீர்கள். உங்கள் போனுக்கு என்ன ஆயிற்று என்றால் "ரிப்பேர்" என்கிறீர்கள். எந்த ஊர் ரிப்பேரோ, இத்தனை மாதமாக முடியவில்லை. வாயைத் திறப்பதற்குள் பின்னால் யாரோ வரிசையில் நிற்கிற மாதிரி அவசரம். "எல்லாம் நல்லாத்தான் போகுது, நீ ஒண்ணும் கவலப்படாத" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் கவலைப்படாதே என்று சொன்னாலே எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காகிதம் பாதியில் கட் ஆகாது.

இங்கே உங்கள் சட்டம் அமர்க்களமாக நடக்கிறது. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பெண்கள் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா அங்க வேலை செஞ்சாத்தான் சம்பளம். நீங்களும் இங்க அப்படித்தான். வேலை சரியா இருந்தா சனிக்கிழமை சம்பளம். சரியில்லன்னா கிடையாது." பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கைக்காசைப் போய் ஏன் சம்பளம் என்கிறீர்கள் என்று நான் அன்றைக்கே கேட்டேன். "அப்பத்தான் காசோட அருமை தெரியும்" என்றீர்கள். அருமை தெரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்துவிட்டதோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவளுக்குக் கழுவின பாத்திரத்தைத் துடைத்து அடுக்குவதும் துணி மடிப்பதும் வேலை. சின்னவளுக்கு வாசலில் கிடக்கிற செருப்பு, ஷூக்களை ஜோடி சேர்த்து வைப்பதும் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் வேலை. இதில் உங்கள் பெரியவள் என்ன செய்தாள் தெரியுமா? பாத்திரம் துடைக்கிற வேலையைத் தங்கையிடம் பாதிச் சம்பளத்துக்குத் தள்ளிவிட்டாள். இவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கதைப்புத்தகம் படிக்கிறாள், அது ஸ்டூலில் ஏறி நின்று துடைக்கிறது. அன்றிலிருந்து பெரியவளுக்கு வீட்டில் பெயர் மேஸ்திரி. கூப்பிட்டால் வெட்கமே இல்லாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

அதோடு விட்டாளா? சனிக்கிழமை வந்தால் எனக்கு முன்னால் இவள் ஒரு பரிசோதனை போடுகிறாள். கரண்டியை வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, "இதுல ஈரம் இருக்கு, கட்" என்கிறாள். சின்னவள் அடுத்த வாரம் என் ஹேர் டிரையரை எடுத்துவந்து கரண்டிக்கெல்லாம் காற்றுப் பிடித்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கரன்ட் பில் பயம். அப்படியும் இந்த மகராசி, "காஞ்சிருக்கு, ஆனா நேரா அடுக்கல, கட்" என்றாளே பார்க்கலாம்! ஏண்டி, கூடப்பிறந்தவளிடமேவா என்று கேட்டதற்கு, "வேலை சரியில்லன்னா சம்பளம் இல்லன்னு அப்பாதானே சொன்னாரு, நானா சொன்னேன்?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மேஸ்திரியைக்கூட விடுங்கள், திட்டித் திருத்தலாம். சின்னவளைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. அவள் அக்காவோடு சண்டைக்குப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போகவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா சரியா செய்யல" என்கிறாள். கிடைக்க வேண்டியது கிடைக்காவிட்டால் தப்பு தன் மேல்தான் என்று அந்தப் பிஞ்சு முடிவே கட்டிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள். நான் சொன்னால் உங்கள் சட்டத்தையே எனக்குத் திருப்பிப் படிக்கிறார்கள்.

இன்னொன்று. பணம் இந்த மாதமும் பிந்தித்தான் வந்தது, குறைவாகவும் வந்தது. பேங்கில் கோளாறு என்றீர்கள். போன மாதமும் அதே கோளாறுதான். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் தொண்டையைச் செருமுகிறார், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஏறிவிடுகிறேன். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பாதி தெரிந்துகொண்டு முழிப்பதைவிட முழுசாகத் தெரிந்துகொண்டு அழுவது எவ்வளவோ மேல்.

முதலாளி இல்லாத வீட்டில் ஆணி அடிக்கக்கூடத் தெரியாமல் திண்டாடுகிற,
உங்கள் மேற்பார்வையாளர்


அன்புள்ளவருக்கு,

இந்தத் தடவை முதலாளி என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் கடைசியாகப் பேசிய நம்பருக்கே இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அந்தப் போன் யாருடையதோ, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் வேலை பார்க்கிற தையல் கடைக்கு ஓர் அம்மா நான்கைந்து பேன்ட் கொண்டுவந்தார். இடுப்பைப் பிடித்துத் தர வேண்டும் என்றார். நான் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே எவ்வளவு பிடிக்க என்று கேட்டேன். அவர் விரலை விரித்துக் காட்டிய அளவுக்குப் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அளவைத் தப்பாகச் சொல்கிறீர்கள் அக்கா, ஆளையே அழைத்துவாருங்கள் என்றேன். மறுநாள் ஆள் வந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? கிரேன் ஓட்டுகிற வேலைக்கென்று உங்களோடு ஒரே விமானத்தில் போனாரே, அந்தக் கிரேன் அண்ணன். போகும்போது சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி இருந்த மனிதர். நான் அவரை அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் அவர் என்னைக் கண்டுபிடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

இஞ்ச் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன், அந்த அம்மா விரலில் காட்டிய அளவு சரிதான். அளவெடுத்து முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், என் கணவர் எப்படி இருக்கிறார் என்று. மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சைட்டில் வேலை நின்று மாதக்கணக்காகிறதாம். கான்ட்ராக்டர் போன் எடுப்பதில்லையாம். கம்பெனி ஆபீஸில் ஒரு தாளை நீட்டுகிறார்களாம். எனக்குச் சம்பள பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தருவார்களாம். அவர் போட்டுவிட்டு வந்துவிட்டார். நிறையப் பேர் போட்டுவிட்டார்களாம். நீங்கள் போடவில்லையாம்.

போனை விற்றுவிட்டீர்கள் என்றும் சொன்னார். சாயங்காலம் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவுகிறீர்களாம். எனக்கு வந்த பணம் அந்தப் பணம். பேங்க் கோளாறாம், பேங்க் கோளாறு! அந்தக் கோளாறில் நான் சின்னவளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினேன். நீங்கள் எதிரே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. கோபம் கோபமாக வருகிறது, கோபம் முடிவதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

ஆனால் அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றுபோட்டது. அப்படியே எழுதுகிறேன். "அவன் தினமும் காலையில ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு சைட்டுக்குப் போறாம்மா. அங்க ஒரு ஈ காக்கா கிடையாது, கரன்ட்டு கிடையாது. இவன் மட்டும் கம்பி பிரஷ்ஷ வச்சுக்கிட்டு, தான் அடிச்ச வெல்டிங்க ஒவ்வொண்ணா தேய்ச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான். என்னடா பண்றன்னு கேட்டா, எங்கயோ குறை இருக்குண்ணே, அதான் பிடிச்சு வச்சிருக்காங்க, கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டா குடுத்துடுவாங்கங்கிறான்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பேன்ட் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னங்க, குறை உங்கள் வேலையில் இல்லை. நம் பால்கனிக் கம்பியை நீங்கள் பற்றவைத்த இடம் எது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. குறை யாருடையது என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

இப்போது பிள்ளைகள் விஷயம். ஸ்கூல் விட்டதும் சின்னவள் கடைக்கு வந்து வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறாள். எனக்கு அது மறந்தே போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், "அப்பாவுக்கு சம்பளம் குடுக்கலையாமே. அப்பா வேலைய ஒழுங்கா செய்யலையாம்மா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மேஸ்திரி எட்டி ஒன்று விட்டாள். பளாரென்று. இதுவரை கிள்ளியிருக்கிறாள், தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள், கன்னத்தில் கை வைத்ததில்லை. சின்னவள் அழக்கூட இல்லை. "நம்ம வீட்டு ரூல் அதுதானே? சரியா செஞ்சா குடுப்பாங்க, இல்லன்னா குடுக்க மாட்டாங்க" என்று நியாயம் கேட்டாள். சட்டம் போட்டவர் எங்கேயோ இருக்கிறார், மாட்டிக்கொண்டது நான்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடித்தவள்தான் அழுதாள். அழுதுகொண்டே, "இல்லடி, நீ சரியாத்தான் செஞ்ச. உன் கரண்டியெல்லாம் காஞ்சுதான் இருந்துச்சு. எனக்குக் காசு குடுக்க மனசு வரல, அதான் ஈரம் இருக்குன்னு சொன்னேன். அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியும், நானே அப்படித்தானே சொன்னேன்" என்றாள். நான் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இத்தனை வயதில் விளங்காத விஷயத்தை அது தன் திருட்டுத்தனத்திலிருந்து தெரிந்துகொண்டிருக்கிறது. திட்டவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. முதலில் திட்டினேன், பிறகு கட்டிக்கொண்டேன். கட் பண்ணின காசை எல்லாம் அன்றைக்கே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொய் சொல்லிப் பிடித்ததற்கு அபராதமாக ஒரு மாதம் செருப்பு அடுக்குகிற வேலையையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். மேஸ்திரி பதவி பறிபோய்விட்டது.

ஆனால் சின்னவள் சமாதானமாகவில்லை. காசை வாங்கிக்கொண்டு, "என் கரண்டி காஞ்சிருந்தத நீ பாத்த. அப்பா வேலைய நீ பாத்தியா?" என்று கேட்டாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் பார்த்திருக்கிறேன் என்றேன். "நீ இங்க பாத்த, அங்க பாக்கல" என்கிறாள். அவள் உங்கள் பெண், எதையும் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காசு போனால் போகட்டும். இருந்து போராடினவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்கிறார் கிரேன் அண்ணன். நீங்கள் பாதி உடம்பாகி அதை வாங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

உங்கள் பதிலுக்காக அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருக்கிற,
உங்களவள்


என்னவருக்கு,

நேற்று நம் பேச்சு போனில் பாதியில் அறுந்துவிட்டது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

வெறுங்கையோடு எப்படி வருவது என்று கேட்டீர்கள். வெறுங்கையோடுதான் போனீர்கள். "கையெழுத்துப் போட்டா நான் அங்க ஒண்ணுமே செய்யலன்னு நானே எழுதிக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றீர்கள். அது எனக்கும் சுள்ளென்று குத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அநியாயம்தான். ஆனால் அந்தத் தாளுக்காக நீங்கள் அங்கே காய்ந்து கருவாடாகிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். நம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. போய் விசாரித்தேன். கை சுத்தமான வெல்டர் கிடைக்கவில்லை என்று பட்டறைக்காரர் அலுத்துக்கொண்டார். எங்கள் கடையிலும் இனி முழுநாள் வேலைக்கு வா என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் ஒளியாமல் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். தொண்டையைச் செருமினார், பிறகு மெதுவாகக் கொடுங்கள் என்றார். கஷ்டப்படத்தான் போகிறோம். ஒரே வீட்டில் இருந்து கஷ்டப்படுவோம்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதில்லை. நேற்று நம் பேச்சுக்கு நடுவில் சின்னவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி உங்களிடம் கேட்டாளே, "அப்பா, நீங்க வேலைய ஒழுங்கா செஞ்சீங்களா?" என்று. உங்கள் மூச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது. அதுவாகப் போனதா, நீங்கள் வைத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. சின்னவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா பதில் சொல்லல" என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்குக் காலையில் அவள் செடிக்குத் தண்ணீர் விட்டாள். விட்டுவிட்டு உள்ளே வந்தவள் திரும்பிப் போய் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஷூவைப் போட்டுக்கொண்டு படி இறங்கினவள் மறுபடி ஏறிவந்து தொட்டுப் பார்த்தாள். ஸ்கூலுக்கு நேரமாகிறதே என்று நான் கத்தினேன். "குறை இருக்கான்னு பாக்கறேம்மா" என்றாள். அக்கா சொன்னாள், நான் சொன்னேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று. எங்கள் இரண்டு பேர் பேச்சும் அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் அங்கே ஆளில்லாத சைட்டில் செய்துகொண்டிருப்பதைத்தான் இது இங்கே செய்கிறது. நீங்கள் ஒருவர் அப்படி இருப்பதையே என்னால் தாங்க முடியவில்லை. இவளும் வாழ்நாள் முழுக்க இப்படியே தேடிக்கொண்டிருப்பாளோ என்று பயத்தில் தையல் மிஷினில் விரலைக் கொடுத்துவிட்டேன். பெரிய காயம் இல்லை, பதறாதீர்கள்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தாளில் அவர்கள் என்ன எழுதச் சொல்கிறார்களோ எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாக்கி இல்லை என்று எழுதுங்கள், ஒன்றுமே செய்யவில்லை என்று வேண்டுமானாலும் எழுதுங்கள். அதை யார் படிக்கப்போகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கிவைக்காமல் சின்னவளைக் கூப்பிட்டு, "அப்பா ஒழுங்காத்தான் செஞ்சேன் கண்ணு, அவங்கதான் குடுக்கல" என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அவளுக்காக ஒப்புக்குச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். வருகிற வழியெல்லாம் விமானத்தில் அதையே உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு வாருங்கள், நம்புகிற வரைக்கும். சொல்லும்போது தலையை மட்டும் குனியாதீர்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று உங்களுக்காக மூன்று பேர் வேண்டிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி